கத்தாரில் நாலில் மூன்று பேர் ஆண்கள், அது எப்படி?

கேள்வி இதுதான்: "கத்தாரில் 30 லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆனால் கத்தார் குடிமக்கள் மூன்று லட்சம் சொச்சம்தான் என்கிறார்கள். மொத்தத்தில் நாலில் மூன்று பேர் ஆண்களாம். ஒரு நாட்டின் மக்கள்தொகை இப்படி இருக்க முடியுமா? சொந்த ஊரிலேயே அவர்கள் சிறுபான்மையா?"

ஆமாம், சிறுபான்மைதான். சுமார் பத்துக்கு ஒருவர். சுமார் என்று சொல்லக் காரணம் உண்டு. எந்த நாட்டவர் எத்தனை பேர் என்ற பட்டியலை கத்தார் அரசு வழக்கமாக வெளியிடுவதில்லை. தூதரகங்கள் அவ்வப்போது சொல்லும் எண்ணைக் கூட்டிக் கழித்துத்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியர்கள் ஏழெட்டு லட்சம், அப்புறம் வங்கதேசத்தவரும் நேபாளிகளும், அடுத்து எகிப்தியர், பிலிப்பினோக்கள், பாகிஸ்தானியர், இலங்கையர் என்று அந்த வரிசை போகும்.

தோஹாவில் ஒரு கட்டுமான கம்பெனி அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். ஆட்களை வரவழைப்பதும் திருப்பி அனுப்புவதும்தான் எங்கள் பிரிவின் வேலை. அதனால் நீங்கள் கேட்கும் இந்த விகிதத்தை எந்த அறிக்கையிலும் படிப்பதற்கு முன்பே ஒரு விண்ணப்பப் படிவத்தில் பார்த்துவிட்டேன்.

அங்கே ஒரு கம்பெனி வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டுமென்றால் முதலில் மொத்தமாக விசா அனுமதி வாங்க வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு வரியிலும் நாலு விஷயம் எழுதுவோம்: எந்த நாடு, என்ன வேலை, ஆணா பெண்ணா, எத்தனை பேர். இந்தியா, ஸ்டீல் ஃபிக்சர், ஆண், 40. நேபாளம், ஹெல்ப்பர், ஆண், 60. பிலிப்பைன்ஸ், செக்ரட்டரி, பெண், 1. எங்கள் மந்தூப் (கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்கு அலைபவரை அப்படித்தான் சொல்வார்கள்) அதை எடுத்துக்கொண்டு போவார். சில சமயம் கேட்டதில் பாதி கிடைக்கும். சில சமயம் "இந்த நாட்டுக்கு இப்போது வேண்டாம், வேறு நாடு போட்டுக் கொடுங்கள்" என்று திரும்பி வரும். நாங்களும் நேபாளத்தை அடித்துவிட்டு வங்கதேசம் என்று எழுதிக் கொடுப்போம்.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. மற்ற நாடுகளில் எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன வயது என்பதெல்லாம் பிரசவ அறையிலும் சுடுகாட்டிலும் முடிவாகும். கத்தாரில் அது விசா அனுமதியில் முடிவாகிறது. அங்கே மக்கள்தொகை என்பது கிட்டத்தட்ட நடப்பில் இருக்கும் வேலை ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை.

இது இன்று நேற்று வந்த நிலைமை என்று நினைக்க வேண்டாம். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் வளைகுடாவின் முத்துக்குளிப்பு படுத்துவிட்டது. அந்தக் காலத்தை கத்தாரிகள் பசி ஆண்டுகள் என்றே சொல்கிறார்கள். பிழைப்புக்காகக் குடும்பம் குடும்பமாக பஹ்ரைனுக்கும் சவூதியின் கிழக்குக் கரைக்கும் போனார்கள். 1940களின் நடுவில் ஊரில் மிச்சம் இருந்தது இருபதாயிரம் பேருக்கும் குறைவு என்று கணக்கிடுகிறார்கள். இன்று உலகத்திலிருந்து ஆள் வரவழைக்கும் ஊர், எண்பது வருடத்துக்கு முன் தன் ஆட்களை வெளியே அனுப்பிப் பிழைத்த ஊர்.

துகான் பகுதியில் எண்ணெய் இருப்பது இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் முதல் கப்பல் கிளம்ப 1949 ஆனது. அதன் பிறகு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். எண்ணெய்க் கம்பெனிக்கு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கிளார்க்குகள், பள்ளிகளுக்கு எகிப்திய, பாலஸ்தீன ஆசிரியர்கள், கடைவீதிக்கும் கூலி வேலைக்கும் ஈரானியர்கள். 1966 வரை அங்கே புழங்கிய பணமே ரூபாய்தான். 1959 முதல் வளைகுடாவுக்கென்று ரிசர்வ் வங்கி தனியாக அச்சடித்துக் கொடுத்த ரூபாய் அது. 1966ல் இந்தியா தன் பணத்தின் மதிப்பைக் குறைத்தபோதுதான் கத்தார் அதைக் கைவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கத்தாரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1952ல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பு முத்துப் படகுகளிலும் வீடுகளிலும் இருந்தது. இதை கத்தார் மறைப்பதில்லை. தோஹாவின் நடுவில் முஷைரிப் பகுதியில் ஒரு பழைய அடிமை வியாபாரியின் வீட்டையே அடிமை வரலாற்றின் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். பின் ஜல்மூத் இல்லம் என்று பெயர். தோஹா போகிறவர்கள் மால்களுக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம், கட்டணமும் கிடையாது.

1970ல் பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த கணக்கில் நாட்டில் சுமார் 1,11,000 பேர். அதில் கத்தாரிகள் நாற்பது சதவீதம் அளவில்தான். 1971 செப்டம்பரில் சுதந்திரம் வந்தபோதே அவர்கள் சிறுபான்மைதான் என்று அர்த்தம். "உலகக் கோப்பைக்காக ஆள் வந்து ஊர் மாறிவிட்டது" என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கணக்கெடுப்பு எண்களை அடுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1986ல் 3,69,000. 1997ல் 5,22,000. 2004ல் 7,44,000. 2010ல் 17 லட்சம். 2015ல் 24 லட்சம். 2020ல் 28,46,000. இதில் 2004க்கும் 2010க்கும் இடையில் நடந்ததைப் பாருங்கள். ஆறே வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல். 2010 கணக்கெடுப்பு ஏப்ரலில் நடந்தது. உலகக் கோப்பை கத்தாருக்கு என்று அறிவித்தது அதே வருடம் டிசம்பர் 2. ஆக, பெரிய பாய்ச்சல் கால்பந்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. வடக்கு வயல் என்னும் கடலடி எரிவாயுக் கிடங்கைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றத் தொடங்கியது 1990களின் கடைசியில். அந்தப் பணம்தான் ராஸ் லஃபான் எரிவாயு நகரத்தையும், லுசைல் புதுநகரத்தையும், செயற்கைத் தீவுகளையும், கல்வி நகரத்தையும் எழுப்பியது. உலகக் கோப்பை அந்த வண்டியில் பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

அந்த ஆறு வருடங்களில் கத்தாரில் பிறந்த குழந்தைகளை மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு லட்சம் வராது. கூடியது ஒன்பதரை லட்சம். மிச்சமெல்லாம் விமான நிலையம் வழியாக வந்தவர்கள்.

சரி, ஆண்-பெண் விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூட பூகோளத்தில் மக்கள்தொகைப் பிரமிடு என்று ஒரு படம் போட்டிருப்பார்கள், நினைவிருக்கும். இடது பக்கம் ஆண், வலது பக்கம் பெண், கீழே குழந்தைகள், மேலே கிழவர்கள். கத்தாரின் படத்தைப் பார்த்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும். பெண்கள் பக்கம் ஓரளவு ஒழுங்காக, ஒடிசலாக இருக்கும். ஆண்கள் பக்கம் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை பெரிதாக வீங்கி, ஐம்பதைத் தாண்டியதும் சட்டென்று வற்றிவிடும். அறுபத்தைந்துக்கு மேல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். கத்தாரிகளை மட்டும் தனியாகப் போட்டால் படம் சாதாரணமாக இருக்கும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம், குழந்தைகள் நிறைய, தாத்தா பாட்டிகளும் உண்டு. ஒரே தாளில் இரண்டு ஊர்களை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்த மாதிரி.

கட்டுமான வேலைக்கு ஆண்கள்தான் வருவார்கள், அதனால் ஆண்கள் அதிகம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். திருமணமான ஆண்தான் அங்கேயும் நிறைய. எங்கள் கேம்பில் (தொழிலாளர் தங்குமிடத்தை அப்படித்தான் சொல்வோம்) முப்பதைத் தாண்டியவர்களில் கல்யாணம் ஆகாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தும் அவர்கள் எல்லோருக்கும் அங்கே பெயர் "பேச்சிலர்". மூன்று பிள்ளைக்குத் தகப்பனும் பேச்சிலர்தான். மனைவி ஊரில் இருந்தால் பேச்சிலர், பக்கத்தில் இருந்தால் "ஃபேமிலி". தோஹாவின் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் பொருள் இல்லை.

யார் ஃபேமிலி ஆகலாம் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கிறது. மனைவி மக்களை வரவழைக்கும் விசாவுக்கு மாதம் 10,000 ரியால் அளவில் சம்பளம் வேண்டும் என்பதுதான் நெடுங்காலமாக அங்கே பேசப்படும் அளவு. கம்பெனி குடும்ப வீடு கொடுத்தால் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் கத்தார் கொண்டுவந்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,000 ரியால். அதோடு தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் 500ம் 300ம் கூடுதலாகத் தர வேண்டும். ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் கிடப்பவர்கள்தான் அந்தப் பிரமிடின் வீக்கம். அவர்கள் குடும்பம் நடத்துவது கைபேசியில்.

பெண்கள் பக்கத்திலும் இரண்டு விதமானவர்கள் உண்டு. ஒன்று, பத்தாயிரத்தைத் தாண்டியவர்களின் மனைவிகளும் மகள்களும், அவர்களோடு நர்ஸ், ஆசிரியை, அலுவலக வேலைக்கு வந்தவர்கள். இன்னொன்று, வீட்டு வேலைக்கு வந்த பெண்கள்: பிலிப்பைன்ஸ், இலங்கை, இந்தோனேசியா, எத்தியோப்பியா, கென்யா. இவர்களும் தனியாகத்தான் வருகிறார்கள், ஆனால் கேம்பில் இல்லை, முதலாளி வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன அறையில். அதனால் கணக்கெடுப்பில் தெரிவார்கள், தெருவில் தெரியமாட்டார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அவர்களுக்கென ஒரு சட்டம் வந்ததே 2017ல்தான். ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் பத்து மணி நேரத்தை யார் எண்ணுவது என்பது வேறு கதை.

இந்த மக்கள்தொகை ஊருக்குள் பரவிக் கிடக்கவும் இல்லை. 2010ல் வந்த ஒரு சட்டம், குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் தொழிலாளர் கேம்ப் வைக்கக் கூடாது என்றது. அதனால் தோஹாவின் தென்மேற்கே இன்டஸ்ட்ரியல் ஏரியா, நம் ஆட்களின் வாயில் சனையா. எண் போட்ட தெருக்கள், ஒர்க்‌ஷாப், லாரி, தூசி, இரண்டடுக்குக் கட்டில்கள். அதற்கு அப்பால் பிற்பாடு கட்டிய தொழிலாளர் நகரம், அதில் கடைத்தெரு, சினிமா, கிரிக்கெட் மைதானம் எல்லாம் உண்டு. சனையாவின் பழைய கேம்ப்களோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2015 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேரில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்தார்கள். பாதிக்கும் மேலே. சுற்றுலாப் பயணி பார்க்கும் தோஹாவில் அந்தப் பாதி கண்ணில் படாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரை கார்னிஷ் பக்கம் வந்தால் கொஞ்சம் பார்க்கலாம். அன்றைக்கும் சில மால்களில் வாசலில் செக்யூரிட்டி நின்று "ஃபேமிலி மட்டும்" என்பார். அப்படி என்னைத் தடுத்த செக்யூரிட்டியும் ஒரு பேச்சிலர்தான். ஆளுக்கு ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டோம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு கறாரானது என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது. கொரோனா பரவியதும் சனையாவின் ஒரு பெரிய பகுதியை, முதல் தெருவிலிருந்து முப்பத்திரண்டாம் தெரு வரை, அப்படியே அடைத்துவிட்டார்கள். ஊரின் மற்ற பகுதிகளில் மனிதர்கள் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வகை மனிதர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால்தானே இப்படிக் கோடு போட்டு அடைக்க முடியும்.

அடுத்தது சாவு. புள்ளிவிவரம் தெரிந்தவர்களே வழுக்கி விழும் இடம் இது. உலகத்திலேயே இறப்பு விகிதம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று கத்தார். வருடத்துக்கு ஆயிரம் பேருக்கு ஒருவர், ஒன்றரைப் பேர். ஜப்பானில் பத்துக்கு மேல், இந்தியாவில் ஆறேழு. மருத்துவமனைகள் நன்றாக இருப்பது உண்மைதான், ஆனால் இந்த எண்ணுக்குக் காரணம் அதுவல்ல. சாகும் வயதில் அங்கே யாரும் இல்லை. வருபவர்கள் இளைஞர்கள். அவர்களையும் சலித்துத்தான் எடுக்கிறார்கள். ரத்தம், எக்ஸ்ரே, காசநோய், மஞ்சள் காமாலை வகைகள், எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். முன்பு தோஹாவில் இறங்கிய பிறகு ஒரு தரம் பார்த்து, தேறாதவரைத் திருப்பி அனுப்புவார்கள். 2019 முதல் சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருப்பதால் அங்கேயே முடிந்துவிடுகிறது. சலித்து எடுத்த ஆள், அறுபதை நெருங்கும்போது ஊருக்குப் போய்விடுகிறார். சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுவலி எல்லாம் தஞ்சாவூரிலும் வங்கதேசத்துச் சிராஜ்கஞ்சிலும் கணக்கில் ஏறும்.

இதை வைத்துக்கொண்டு அந்தப் பிரபலமான 6,500ஐப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ், உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைத்ததற்குப் பிறகு இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரில் 6,500க்கும் மேற்பட்டோர் கத்தாரில் இறந்திருப்பதாக எழுதியது. அதில் இந்தியர் 2,711, இலங்கையர் 557. வாட்ஸ்அப்பில் அது "ஸ்டேடியம் கட்டும்போது 6,500 பேர் செத்தார்கள்" என்று ஆகிவிட்டது. அந்தச் செய்தி அப்படிச் சொல்லவில்லை. அது எல்லா வேலைகளிலும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு. கத்தார் தரப்பின் பதில், இத்தனை லட்சம் பேரில் பத்து வருடத்தில் இவ்வளவு இறப்பு இயல்பானதுதான் என்பது. கூட்டல் கழித்தலாகப் பார்த்தால் அது சரி போலத் தோன்றும். ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம்? மருத்துவப் பரிசோதனையில் தேறி வந்த முப்பது வயது ஆண்களோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அவர்களில் பலருடைய சான்றிதழில் "இயற்கையான காரணம்", "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதி, உடற்கூறு ஆய்வு இல்லாமல் பெட்டியில் அனுப்பினார்கள். எல்லோருடைய இதயமும் நின்றுதானே சாகிறோம். ஏன் நின்றது என்பதற்குப் பதில் இல்லாதவரை "இயல்பு" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெயில் ஒரு முக்கியமான சந்தேகம். 2021ல் கத்தார் திறந்தவெளி வேலைக்கான கோடைத் தடையை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10லிருந்து பிற்பகல் 3.30 வரை என்று நீட்டியது. அதற்கு முன்பு இருந்தது பகல் 11.30லிருந்து 3 வரைதான், அதுவும் இரண்டரை மாதம்தான். தடையை நீட்டியதே ஒரு வகையில் பழையது போதவில்லை என்ற ஒப்புதல்.

வந்தவர்கள் ஏன் அங்கேயே தங்கி, இரண்டு தலைமுறையில் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிடவில்லை? மலேசியாவுக்கும் மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிக்குப் போன தமிழர்கள் அப்படித்தானே ஆனார்கள். இங்கே அதற்குக் கதவே வைக்கவில்லை. 2005ன் குடியுரிமைச் சட்டப்படி 25 வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அரபி தெரிய வேண்டும், நன்னடத்தை வேண்டும். அதெல்லாம் இருந்தாலும் ஒரு வருடத்தில் 50 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அங்கே பிறந்தாலும் குடியுரிமை இல்லை. தகப்பன் கத்தாரியாக இருந்தால்தான் உண்டு. கத்தாரிப் பெண் வெளிநாட்டவரை மணந்தால் அவள் குழந்தைக்கும் தானாக வராது. 2018ல் நிரந்தரக் குடியிருப்பு என்று ஒன்று கொண்டுவந்தார்கள், அதற்கும் வருடத்துக்கு நூறு பேர்தான் வரம்பு. எனக்குத் தெரிந்த ஒரு மலையாளி மூத்தவர் நாற்பது வருடம் தோஹாவில் இருந்தார். பிள்ளைகள் பிறந்து, படித்து, அதே ஊரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள். அவர் கையில் இருந்தது கம்பெனி புதுப்பிக்கும் ஒரு பதாகா, அதாவது அடையாள அட்டை. அது காலாவதியானால் அவரும் காலாவதி.

வேலையும் இருப்பும் ஒன்றோடொன்று முடிச்சிட்டிருப்பதைத்தான் கஃபாலா என்கிறார்கள். உங்களை வரவழைத்தவர் கஃபீல். நீண்ட காலம், அவர் கையெழுத்து இல்லாமல் வேலை மாற முடியாது, நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. வெளியேறும் அனுமதி 2018ல் பெரும்பாலோருக்கும், 2020 தொடக்கத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ரத்தானது. வேலை மாற முதலாளியின் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வேண்டும் என்பது 2020 செப்டம்பரில் போனது. சட்டத்தில் போனது என்று சொல்ல வேண்டும். நடைமுறையில், வேலை மாறப் போகிறான் என்று தெரிந்ததும் "ஓடிப்போனான்" என்று புகார் கொடுத்து ஆளை மாட்டிவிடுவதை அதன் பிறகும் பார்த்திருக்கிறேன்.

கஃபாலாவில் இன்னொரு வரும்படியும் உண்டு. பெயருக்கு ஒரு கம்பெனி திறந்து, விசா அனுமதி வாங்கி, அதை விற்றுவிடுவது. நம் பக்கத்தில் "ஃப்ரீ விசா" என்பார்கள். அதில் ஃப்ரீ எதுவும் கிடையாது, லட்சக்கணக்கில் கொடுத்துத்தான் வாங்குகிறான். வந்த பிறகு வேலையை அவனே தேடிக்கொள்ள வேண்டும், பிடிபட்டால் சட்டவிரோதம். இப்படி வந்த எத்தனையோ பேரும் அந்த 30 லட்சத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

கத்தாரிகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். கசப்பும் வசதியும் கலந்துதான். உழைக்கும் மக்களில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பேர் அளவில் வெளிநாட்டவர். கத்தாரிகள் பெரும்பாலும் அரசு வேலையில். வெளிநாட்டவர் தொழில் தொடங்க 51 சதவீதம் கத்தாரிப் பங்காளி வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. ஆள் வர வர அவர்களுக்கு வருமானம். அதே சமயம் கடையில், வங்கியில், மருத்துவமனையில் தன் மொழி பேசும் ஆள் இல்லை என்ற வருத்தமும் உண்மையானது. 2012ல் கத்தார் பல்கலைக்கழகத்தில் பல பாடங்களை ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு மாற்றியது இந்த அழுத்தத்தால்தான். தோஹா டாக்சியில் ஏறி அரபியில் பேசினால் ஓட்டுநர் விழிப்பார், இந்தியில் பேசினால் பதில் வரும். தமிழ்நாட்டில் இந்தி தெரியாமல் வளர்ந்த நானே இந்தி கற்றது தோஹாவில்தான். மலையாளமும் அங்கேதான்.

ஒரே நாட்டவர் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பயத்தில் ஒரு பகுதி என்பது என் எண்ணம். ஆரம்பத்தில் வந்த எகிப்தியரும் பாலஸ்தீனரும் மொழியால் நெருக்கமானவர்கள், ஆனால் குடும்பத்தோடு வந்து வேர் பிடிக்கக் கூடியவர்கள், அரசியலும் பேசுவார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் ஆசியாவின் பக்கம் திரும்பியதற்குக் கூலி மலிவு மட்டும் காரணமல்ல. ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையும்தான். நான் சேர்ந்தபோது வாசல் காவலுக்கு நேபாளிகள்தான் நிறைய. கிளம்பும்போது பாதிப் பேர் கென்யா, உகாண்டா, கானா. வருடங்கள் ஓட ஓட, படிவத்தில் நாடு என்ற கட்டத்தில் எழுதும் பெயர் மாறிக்கொண்டே இருந்தது.

மற்ற வளைகுடா நாடுகளையும் இதே தராசில் போட்டுவிடக் கூடாது. அமீரகம் கத்தார் மாதிரிதான், பத்தில் ஒன்பது பேர் வெளியாட்கள். குவைத்தில் குடிமக்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில். சவூதியின் 2022 கணக்கெடுப்பில் 3 கோடியே 22 லட்சம் பேர், அதில் 58 சதவீதம் சவூதிகள். அங்கே டாக்சி ஓட்டும், கடையில் நிற்கும் சவூதியைப் பார்க்கலாம். சின்ன நாடு, பெரிய வருமானம், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் விகிதம் இப்படிக் கவிழ்கிறது.

உலகக் கோப்பை முடிந்ததும் ஊர் காலியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கட்டுமானத்தில் நிறையப் பேரை அனுப்பியது உண்மை. ஆனால் மொத்த எண் 30 லட்சத்தைத் தாண்டி நின்றுவிட்டது. ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருக்கும் திரவ எரிவாயு உற்பத்தித் திறனை 2030க்குள் 14.2 கோடி டன்னாக்கும் திட்டம் ராஸ் லஃபானில் கையில் இருக்கிறது. அதற்கு வெல்டரும் ஃபிட்டரும் வேண்டும்.

நீங்களே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். கத்தார் அரசின் புள்ளிவிவரத் துறை, மாதக் கடைசியில் நாட்டின் எல்லைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஆண், பெண் பிரித்து எண் வெளியிடுகிறது. ஒரு வருடத்து எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மே மாதம் இருந்தவர்களில் லட்சக்கணக்கானோர் ஜூலையில் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கு லீவு விட்டதும் ஃபேமிலிகள் ஊருக்குப் போய்விடும், கத்தாரிகளில் வசதியானவர்கள் லண்டனுக்கும் துருக்கிக்கும். விகிதத்தில் பார்த்தால் பெண்களின் எண்ணிக்கைதான் அதிகமாக இறங்கும். வருடத்திலேயே வெயில் கொளுத்தும் அந்த இரண்டு மாதத்தில் தோஹாவில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பேச்சிலர்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் எண் மறுபடி ஏறும்.